கிழமை, நேரம், இடம் சொல்லிக் கூப்பிடு தங்கச்சி!

வேலைக்காகப் புதுசா சென்னைக்கு வந்து, ஆபீஸ் விட்டதும் ஹாஸ்டல் கட்டில்ல போனும் கையுமா சாயுற தங்கச்சிகளே, உங்களுக்குத்தான் இது. வாட்ஸ்அப்ல குரூப் குரூப்பா ஆட்கள் இருப்பாங்க. காய்ச்சல்னு படுத்தா ஒரு ரசம் சாதம் வாங்கிட்டு வர யார் இருக்கா? யோசிச்சும் பேர் வரலைன்னா, போனை ஒதுக்க வேண்டாம். ஆளை நேர்ல வரவைக்க அதைப் பயன்படுத்து.

"ஒரு நாள் மீட் பண்ணலாம்"னு இனி அனுப்பாதே. அந்த நாள் வரவே வராது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணி, பெசன்ட் நகர் பீச், ஷ்மிட் நினைவு மண்டபம் பக்கத்துல நிப்பேன்"னு அனுப்பு. குரூப்ல போட்டா ஆளாளுக்கு கட்டைவிரலைக் காட்டிட்டு நழுவிடுவாங்க. ஒருத்தியைத் தனியா கூப்பிடு. வர முடியலைன்னு சொன்னா மனசு சுருங்காம அடுத்த வாரம் மறுபடி கேளு.

முகம் பார்த்துப் பேசக் கூச்சமா இருக்கா? எப்படியும் உனக்கு ரங்கநாதன் தெருவுல வாங்க வேண்டியது இருக்கும், அவளுக்கும் இருக்கும். சேர்ந்து போங்க. கையில ஒரு வேலை இருந்தா பேச்சு தானா வரும்.

பொறுமையும் வேணும்மா. அமெரிக்காவுல கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018ல வெளியிட்ட ஆய்வுப்படி, அறிமுகம் நட்பா துளிர்க்கவே சேர்ந்து சுமார் 50 மணி நேரம் கழியணும். நெருங்கிய தோழியாக 200க்கு மேல. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல வேலை பார்க்கிற நேரம் இதுல அவ்வளவா சேராது. அதனால ரெண்டு தடவை பார்த்துட்டு "செட் ஆகலை"ன்னு விட்டுடாதே.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லுவேன். தோழி வீட்டுல துக்கம்னா 'ஆர்ஐபி'யோட நிறுத்தாதே. கிளம்பிப் போ. என்ன பேசுறதுன்னு தெரியாதுன்னுதான் பல பேர் போகாம இருக்காங்க. ஒண்ணும் பேச வேண்டாம். அவ கையைப் பிடிச்சுட்டு அரை மணி நேரம் உட்காரு. அவங்க அம்மா சாப்பிட்டாங்களான்னு பாரு. காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாரும் கிளம்பின பிறகு இன்னொரு தடவை போ. அப்பதான் வீடு வெறிச்சோடிக் கிடக்கும்.

கைக்குழந்தைக்காரி, உடம்பு முடியாதவங்க, வெளிநாட்டுல இருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் போன்தான் துணை. அவங்ககிட்ட டைப் பண்றதைக் குறைச்சு, கூப்பிட்டுக் குரல் கொடு.

ஆன்லைன்ல மட்டுமே பழகினவரை முதல்முறை பார்க்கப் போனா பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள இடம். எங்கே போறேன்னு ரூம்மேட்கிட்ட சொல்லிட்டுப் போ. பணம் கேட்டா கொடுக்காதே. ஏற்கெனவே கொடுத்து ஏமாந்திருந்தா வெட்கப்படாம உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் பண்ணு.

சந்திக்கிற நேரத்துல போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். கிளம்பும்போது மட்டும் வெளியே எடு. அடுத்து என்னைக்குன்னு ரெண்டு பேரும் அங்கேயே நின்னு முடிவு பண்ணி, அலாரம் வெச்சுட்டு பஸ் ஏறு.