நிரல் நூலகமும் இரவல் சரக்கும்

வேலூர் லாங் பஜாரில் மளிகைக் கடைகளின் முன் சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், வணிகரில் இரு வகையினர் உண்டு என்பது விளங்கும். மிளகாயையும் மல்லியையும் மூட்டையாக வாங்கி, உலர்த்தி, தம் கண்ணெதிரே அரைத்து விற்பவர் ஒரு வகை. பாக்கெட்டில் வரும் தூளை வாங்கி அடுக்கி விற்பவர் மற்றொரு வகை. பின்னவருக்கு வேலை குறைவு. ஆனால் தூளில் கலப்படம் என்று பேச்சு எழுந்தால், வாடிக்கையாளர் வந்து நிற்பது பாக்கெட் போட்டவரிடம் அன்று; இவருடைய கல்லாவின் முன்புதான். கணிப்பொறி நிரல் எழுதுவோரின் நிலையும் இதுவே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பலரும் பயன்படுத்தும்படி முன்பே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பை நிரல் நூலகம் என்கிறோம். மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து வெளியிடப்படுவது திறமூல நூலகம். அதை எழுதுபவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறருடைய நூலகங்கள் சிலவற்றை இணைத்துக்கொள்கிறார். அவை ஒவ்வொன்றும் வேறு சிலவற்றை இணைத்திருக்கும். ஐந்தைத்தான் சேர்த்தோம் என்று இருப்பவர் உட்கார்ந்து எண்ணினால் ஐம்பது தேறும். இவற்றைச் சார்புகள் என்பர்.

வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த ஒரு பொருள் எப்படித் தொழிலையே உலுக்கும் என்பதை நம் தோல் தொழில் வட்டாரம் வேறொரு வழியில் முன்பே கண்டது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பெண்டாகுளோரோஃபீனால் என்னும் மருந்து பயன்படுத்தப்பட்டு வந்தது. 1989இல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் அங்கே விற்க இயலாது. தோல் பதனிடுவோர் அம்மருந்தைத் தயாரித்தவர் அல்லர், வாங்கிச் சேர்த்தவரே. ஆயினும் மாற்று மருந்தைத் தேடும் பொறுப்பு அவர்கள் தலையில்தான் விழுந்தது.

நிரல் உலகில் இதற்கு நிகரான கதை 2016 மார்ச்சில் நடந்தது. ‘லெஃப்ட்-பேட்’ என்பது ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடமோ சுழியமோ சேர்த்து நீளத்தைச் சரிசெய்யும் நிரல்; மொத்தமே 11 வரி. அதன் ஆசிரியர் ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்து, தம் நிரல்களைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். உலகெங்கும் எத்தனையோ நிரல்களைக் கட்டியெழுப்பும் பணி சில மணி நேரம் நின்றுபோயிற்று. மறு ஆண்டே அந்த வேலையைச் செய்யும் வசதி ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே சேர்ந்துவிட்டது. இன்றும் அந்தப் பழைய சார்பை நூலகத்தில் வைத்திருப்பவர், வீட்டில் குழாய் வந்த பிறகும் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைப்பவரே.

ஆனால் சார்பை நீக்குவது ஒரு வரியை அழிப்பதோடு முடிவதன்று. பைத்தான் மொழியில் வலைத்தளம் அமைக்க உதவும் ‘ஜாங்கோ’ நூலகத்தை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் மாறும் நேரத்தைக் கணக்கிட அது ‘பைட்ஸ்’ என்னும் பிறர் நூலகத்தை நம்பியிருந்தது. அதை உரிய முறையில் கையாளாமல் இந்திய நேரத்தை நேரடியாக ஒட்டினால், 5 மணி 30 நிமிடத்திற்குப் பதில் 5 மணி 53 நிமிடம் என்று பழைய கல்கத்தா நேரம் வந்து நிற்கும். காலை 9 மணி என்று குறித்தது 8.37 ஆகிவிடும்! இந்தக் குழியில் விழாத இந்திய மாணவர் அரிது. 2020 அக்டோபரில் வந்த பைத்தான் 3.9 இவ்வேலைக்கு ‘ஸோன்இன்ஃபோ’ என்னும் பகுதியைத் தானே கொண்டுவந்தது. ஜாங்கோ 2021 டிசம்பரில், தன் 4.0 பதிப்பில், அதற்கு மாறியது. எனினும் பழையதையே விரும்புவோர்க்கு ஓர் அமைப்பை விட்டு வைத்தது. 2023 டிசம்பரில் 5.0 வந்தபோதுதான் பழையதை அறவே நீக்கியது. இடையில் இரண்டு ஆண்டுகள். அந்நூலகத்தை நம்பி நிரல் எழுதியிருந்தோர் தம் நிரலைத் திருத்திக்கொள்ளத் தந்த அவகாசம் அது. அப்படியும் விண்டோஸில் நேர அட்டவணை உடன் வராமையால், அதற்கென வேறொரு தொகுப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று. முன்வாசலில் அனுப்பிய விருந்தாளியின் தம்பி பின்வாசலில் வந்தது போல!

எல்லாச் சார்பையும் நீக்கிவிடலாமோ எனின், கூடாது. இரகசியக் குறியீட்டுக் கணக்குகளைத் தாமே எழுதப் புகுவது ஆபத்து. பல அறிஞர் பல்லாண்டு சோதித்த நிரலுக்கு நம் ஒரு வாரத்து உழைப்பு ஈடாகாது.

தமிழில் இதைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. ‘லாங் பஜார்’ என்பதன் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால், இடைவெளியோடு 10 என்கிறது; நாம் எண்ணும் எழுத்தோ 5தான். கொம்பையும் காலையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற திறமூல நூலகங்கள் இக்குறையைத் தீர்க்கவே எழுந்தவை. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கெனப் பிறர் நூலகத்தை இணைப்பது வழக்கமாயிருந்தது. இப்போது ‘இன்டல்.செக்மென்டர்’ என்னும் வசதி உலாவியிலேயே உள்ளது. கடைசியாக 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125இலும் வந்துவிட்டது.

பயிற்சிக்காக எழுதிய சிறு நிரலொன்றில் பழைய சார்பை நீக்க நானும் முயன்றேன். நீக்குமுன் ஐம்பது சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தெண்ணிக்கையைக் கையால் எழுதி வைத்துக்கொண்டேன். ‘லக்ஷ்மி’யில் வழக்கு வந்தது. புதிய வசதி 4 என்றது. க்ஷ் என்பதை ஓரெழுத்தாகக் கொள்வோர்க்கு 3. இது கணிப்பொறி தீர்க்கும் வழக்கன்று. தமிழ்த்துறை ஆசிரியரிடம் கொண்டு போனேன். இன்னொன்று, எனக்குத் தெரிந்த கடையொன்றில் பில் போடும் பழைய கணிப்பொறியின் உலாவி இப்புதிய வசதியை அறியாது. அதனால் பழைய சார்பு இன்னும் என் நிரலில் இருக்கிறது, நீக்க வேண்டியது என்ற குறிப்புடன்.