இல்லத்தில் தீ: நாம் அறிந்திருக்க வேண்டியவை

தீ என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவன 1981 ஆம் ஆண்டு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமும், 1983 ஆடியில் கொழும்பில் எரிந்த தமிழர் இல்லங்களுமே. பிறர் மூட்டிய தீயை அறிந்த நாம், நம் அடுப்பிலிருந்தே எழக்கூடிய தீயைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஊரிற் கிடுகுக் கூரை பற்றினால் அயலவர் கிணற்றடிக்கு ஓடி வாளி வாளியாக நீர் அள்ளி வருவர். மொன்றியலில், பனிக்கால நள்ளிரவில், மூன்றாம் மாடியில், முதலிற் செயற்பட வேண்டியவர் வீட்டிலுள்ளோரே.

தீவிபத்தில் உயிர் பறிப்பது பெரும்பாலும் சுவாலையன்று, புகையே. 1927 ஆம் ஆண்டு தை மாதம் 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இந்நகரின் சென்ற் கதறின் வீதியிலிருந்த லோறியே பலஸ் படமாளிகையில் 78 சிறுவர் மாண்டனர். எரிந்து இறந்தோர் மிகச் சிலரே. மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டு அடைபட, ஏனையோர் மூச்சுத் திணறியும் நெரியுண்டும் இறந்தனர். 16 வயதுக்கு உட்பட்டோர் படமாளிகை செல்வதை 1928 இல் கியூபெக் அரசு தடைசெய்தது.

நம் வீட்டுப் பின்படிக்கட்டை இனி நோக்குவோமாக. அரிசி மூட்டை, பழைய சைக்கிள், குழந்தையின் தள்ளுவண்டி யாவும் அங்கேதான். வெளிப்படியிலோ உறைபனி. இவ்வழியை மாரி முழுவதும் திறந்து வைத்தல் வேண்டும்.

உறங்குபவரை மூக்கு எழுப்பாது. புகை அறிவிப்பானே எழுப்பும். செத்தல் மிளகாய் தாளிக்கும்போது அலறுகிறதெனப் பற்றரியைக் கழற்றுவோரும், பொலித்தீன் பையால் அதை மூடுவோரும் நம்மிடையே உளர். (அம்மிளகாய்க்கு நாமுந்தான் இருமுகின்றோம்!) நிலக்கீழ்த் தளம் உட்பட ஒவ்வொரு தளத்திலும் ஓர் அறிவிப்பான் இருத்தல் வேண்டும். மாதமொருமுறை பொத்தானை அழுத்திச் சோதித்து, பத்தாண்டுக்கொருமுறை மாற்றுதல் வேண்டும்.

பலகாரம் சுடும் தாச்சியில் எண்ணெய் பற்றினால் நீர் ஊற்றலாகாது. நீர் எண்ணெயிலும் கனமானது; அடியிற் சென்று கணத்தில் ஆவியாகி ஏறத்தாழ 1700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை எங்கும் வீசும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுக, ஆறும்வரை திறவாதீர். தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடுதல் அதனிலும் கேடு.

1998 தை மாத உறைமழையில் மின்சாரம் அற்றபோது, வெளியில் எரிக்கவேண்டிய அடுப்புகளை வீட்டினுள் மூட்டியோர் சிலர் காபனோரொட்சைட்டு எனும் மணமற்ற நச்சுவாயுவால் இறந்தனர். கரியடுப்பு எக்காரணங்கொண்டும் உள்ளே வரலாகாது.

தீயணைப்புத் துறையினரின் துண்டுப்பிரசுரத்தைப் பிரெஞ்சில் வாசிக்கவல்லவர் பள்ளிப் பிள்ளை. நள்ளிரவில் எழுப்பப்பட வேண்டியவரோ தமிழ் மட்டுமே அறிந்த அம்மம்மா. ஆதலால், மாணவர்களே, இருமொழியும் உங்களுக்குத் தேவை. வெளியேறிய பின்னரே 911 ஐ அழைத்து, முகவரியையும் மாடியையும் பிரெஞ்சிற் கூறுக. அதற்கு முன், "அம்மம்மா, நெருப்பு! ஒண்டையும் எடுக்காமல் வாங்கோ" என்று தமிழிற் சொல்ல வேண்டியிருக்கும். அவர் அதைக் கேட்பாரா? கடவுச்சீட்டும் அகதி ஆவணங்களும் தாலிக்கொடியும் நம்மவர்க்கு எத்தகையவை என்பதை நாம் அறிவோம். எல்லை கடந்த நாளில் அவற்றை மடியிற் கட்டி வந்தவர் எளிதில் விட்டுவர மாட்டார். எனவே பெற்றோர் ஆவணங்களின் பிரதிகளை உறவினர் வீட்டில் வைத்து, அச்செய்தியை முதியோர்க்கு இன்றே கூறுதல் வேண்டும்.

வெளியேறியபின் கூடும் இடம் ஒன்றைத் தெரிவு செய்க. எதிர்ப்புற விளக்குக் கம்பம் போதும். சப்பாத்துகளும் குளிரங்கிகளும் வாயிலருகே இருக்கட்டும். ஒத்திகையை ஒருமுறையேனும் இரவிற் செய்தல் நன்று. அம்மம்மா படியிறங்க எத்தனை நிமிடம் ஆகின்றது என்பதை அன்றே குறித்துக்கொள்ளலாம்.