சேவையகம் வாங்குமுன் அறிய வேண்டியவை

மாத்தளை மண்ணுக்கு ஏட்டுப் பெருமை உண்டு. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம் அளுவிகாரையில் ஏட்டிலே எழுதப்பெற்றதென்பது மரபு. பண்டு ஏடெழுதியோர் ஓலையைக் கண்ட மாத்திரத்தே எழுத முற்பட்டாரல்லர். வேகவைத்து, உலர்த்தி, எழுத்தாணிக்கு இசையுமாறு பதப்படுத்திய பின்னரே எழுதினர். கணினிக்கும் இம்முன்யோசனை வேண்டும்.

மாணாக்கர் பதிவேடு, நூலகப் பட்டியல், பாடக் குறிப்புகள் ஆகியவற்றை ஓரிடத்தே வைத்து வழங்கும் கணினியே சேவையகம். அதனை இயக்குதற்கு லினக்ஸ் முதலிய திறந்தமூல முறைமைகள் உள. இவற்றுட் பல உரிமக் கட்டணம் இன்றியே கிடைப்பன. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர், நம் நாட்டுத் தொண்டர்கள் ஆக்கிய ‘சகானா’ என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் திறந்தமூலமே. ஆயின் மென்பொருள் இலவசமாயினும் இயந்திரம் இலவசமன்று. பழைய மாணவர் சிறுகச் சிறுகத் திரட்டிய நிதி, பயன்படாத இரும்புப் பெட்டியாக முடங்கிவிடலாகாது.

முறைமையானது இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்புடனும் ‘டிரைவர்’ எனப்படும் செலுத்தி மென்பொருள் வாயிலாகவே பேசும். அஃது இல்லையேல் உறுப்பு இருந்தும் இல்லாததே. இடர் விளைப்பன பெரும்பாலும் இரண்டு: வட்டுகளை ஆளும் றெயிட் அட்டை, வலையமைப்பு அட்டை. முன்னதை அறியாவிடின் வட்டே இல்லையென்று முறைமை கூறும். பின்னதை அறியாவிடின் சேவையகம் தனித்துவிடும்.

சில உதாரணங்களை நோக்குவோம். புறோட்கொம் நெற்எக்ஸ்ட்றீம் 2 வலை அட்டைக்கு வேண்டிய நுண்மென்பொருள், டெபியன் 12 (2023) வெளிவருமுன் இருந்த சில பதிப்புகளின் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இருக்கவில்லை. றெட் ஹற் 8 (2019) பழைய றெயிட் அட்டைகள் பலவற்றைக் கைவிட்டது. 2025 இல் வந்த றெட் ஹற் 10 உம், அதனை அடியொற்றிய றொக்கி லினக்ஸ் 10 உம் ஏவிஎக்ஸ்-2 முதலான கட்டளைகளை அறிந்த செயலியையே ஏற்கும். இன்டெல் சியோன் ஈ5-2600 வரிசையின் ‘வி2’ செயலிகள் அவற்றை அறியா. ‘வி3’ செயலிகள் அறியும். பாவித்த சேவையகத்தை மலிவென்று வாங்குவோர் இவ்வேறுபாட்டை உன்னிப்பாக நோக்குக.

எனவே கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு வருமாறு:

1. முறைமையையும் அதன் பதிப்பையும் முதலில் தீர்மானிக்க. பூட்டைப் பாராது திறப்பு வாங்குதல் கூடாது.

2. பெட்டியின் பெயர் போதாது. ஒரே பெயரில் வெவ்வேறு அட்டைகள் பொருத்தப்படுவதுண்டு. செயலி, றெயிட் அட்டை, வலை அட்டை ஆகியவற்றின் சரியான மாதிரி எண்களை விற்பனையாளரிடம் எழுத்திற் பெறுக.

3. றெட் ஹற், உபுண்டு முறைமைகளுக்கென வெளியிடப்படும் சான்றளித்த வன்பொருட் பட்டியல்களில் அவற்றை ஒப்பிடுக. சான்று எப்பதிப்புக்கு உரியதென்பதையும் கவனிக்க.

4. இயலுமாயின், யூஎஸ்பி கோலில் லினக்ஸைக் கொண்டுசென்று கடையிலேயே இயக்கிப் பார்க்க. ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் கட்டளை ஒவ்வோர் அட்டையின் அடையாள எண்ணையும், அதனை எச்செலுத்தி ஏற்றுள்ளதென்பதையும் காட்டும். இன்டெலின் அடையாள எண் 8086 ஆகும்.

5. குறித்த முறைமை இயங்காவிடின் பொருள் மீளப்பெறப்படும் என்னும் நிபந்தனையை விலைமனுவிற் சேர்க்க.

இச்சோதனைக்கு அரைநாளே செல்லும். உயர்தர வகுப்பு மாணாக்கர் தாமே இதனைச் செய்யவல்லர். கல்லூரிக்குப் பொருள் வழங்க முன்வரும் அன்பர்கள், வாங்குமுன் அம்மாணாக்கரையும் உடனழைத்துச் செல்வாராக. இயந்திரம் சில ஆண்டுகளில் தேயும். தேர்ந்து வாங்கும் அறிவோ அவர்களுடன் நிலைத்து நிற்கும்.