வெயிலில் குதிரை தளர்வது ஏன்?

குதிரைப் பந்தயம் என்றதும் இரண்டொரு நிமிடங்களில் முடிந்துவிடும் ஓட்டமே நம் நினைவுக்கு வரும். நெடுந்தூர ஓட்டம் வேறு வகையைச் சார்ந்தது. 2008ஆம் ஆண்டில் நம் நாட்டின் திரெங்கானு மாநிலத்தில் உலக நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டி நடைபெற்றது. குதிரைகள் கடக்க வேண்டியிருந்த தூரம் 160 கிலோமீட்டர். இத்தகைய பயணத்தில், தொடக்கத்தில் துள்ளி ஓடிய குதிரை நடுவழியில் வேகம் குறைந்து, தலை தாழ்த்தி நடப்பதுண்டு. அதனைச் சோம்பல் என்று கருதிச் சாட்டையை ஓங்குவது பெருந்தவறு. குதிரையின் உயிருக்கே அது கேடாய் முடியலாம்.

தீனியிலிருந்து பெற்ற சக்தியில் ஏறத்தாழக் கால் பங்கே தசைகளின் இயக்கத்திற்குப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றக் குதிரைக்குள்ள முதன்மையான வழி வியர்வை. கடும் வெப்பத்தில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். ஆயினும், வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்று மிகுந்த நம் நாட்டில், பால்மரம் சீவுவோரின் சட்டை காயாமல் உடலோடு ஒட்டிக்கொள்வது நாம் அறிந்ததே. குதிரையின் வியர்வையும் அவ்வாறே ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. உடலில் நீர் குறையக் குறைய இரத்தம் கெட்டிப்படுகிறது; தோலுக்கும் தசைக்கும் ஒருங்கே இரத்தம் அனுப்ப இதயம் திணறுகிறது. வேகம் குறைகிறது.

மனிதனின் வியர்வையில் உப்பு, இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு. ஆகவே வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பின் செறிவு கூடி, தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையோ இரத்தத்திற்கு ஈடான, சில வேளைகளில் அதனினும் மிகுந்த உப்புடையது. நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் தாகத்தைத் தூண்டும் குறிப்பு மூளைக்குச் சரிவர எட்டுவதில்லை. நீர் வற்றிய குதிரை தொட்டியருகே நின்றும் வாய் வைக்காது. குடிக்கவில்லை, ஆதலால் தாகமில்லை என்று எண்ணுவோர் ஏமாறுவது இங்கேதான்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். மடிப்பு உடனே படியாவிட்டால் நீர் குறைந்துள்ளது எனலாம். போட்டிகளில் கால்நடை மருத்துவர் இடையிடையே குதிரையின் நாடியைச் சோதிப்பார். திரெங்கானுப் போட்டிக் காலத்து விதிப்படி, குறித்த நேரத்துக்குள் துடிப்பு நிமிடத்திற்கு 64க்கு இறங்காத குதிரை மேற்கொண்டு ஓட முடியாது. உரிமையாளருக்குக் கசப்பானாலும் நல்ல விதி அது.

தளர்ந்த குதிரையை நிழலில் நிறுத்தி, சேணத்தைக் கழற்றி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். குளிர்நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய அச்சம் ஆதாரமற்றது என்பதை, 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கையொட்டி நடந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின. இழந்த உப்பைத் தீனியில் கலந்து தரலாம். ஆனால் குடிநீர் அருகிலேயே இருத்தல் வேண்டும். நீரின்றி உப்பு மட்டும் உட்சென்றால், உடலில் எஞ்சிய நீரையும் அது குடலுக்கு இழுத்துவிடும்.