கைத்தொழில் அறிவோம்: ஃபோம் ஷீட்டில் ஒரு தூண்டில் வண்டு



வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய கைவேலைகளை இந்தப் பகுதியில் பார்த்து வருகிறோம். இம்மாதம் நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் பள்ளி வேலைக்கு வாங்கும் ஃபோம் ஷீட், கொஞ்சம் நூல், ஒரு தூண்டில் முள் ஆகியவற்றைக் கொண்டு, மீனே நம்பிவிடும்படி ஒரு வண்டு கட்டுவதுதான் அந்த வேலை.

ட்ரவுட் என்பது குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன். ஆங்கிலேயர் காலத்தில் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. காஷ்மீரின் ஆறுகளிலும் நமது நீலகிரி மலையிலும் இன்று அது உண்டு. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டிலேயே இதற்கான குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

கோடையில் காற்றடிக்கும்போது கரையோரப் புல்லிலிருந்து வண்டு, எறும்பு, வெட்டுக்கிளி எல்லாம் தண்ணீரில் விழும். ட்ரவுட் மேலே வந்து அவற்றைக் கவ்வும். அதனால்தான் தூண்டில்காரர்கள் செயற்கைப் பூச்சியைப் பயன்படுத்துகிறார்கள். முன்பு இறகையும் முடியையும் வைத்தே இவற்றைக் கட்டினார்கள். அவை நனைந்தால் சிறிது நேரத்தில் மூழ்கத் தொடங்கும். ஃபோம் அப்படியல்ல. அதற்குள் இருக்கும் காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்கின்றன. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைப் போல அது தண்ணீரை உறிஞ்சாது. அமுக்கிவிட்டாலும் மேலே வந்துவிடும். அமெரிக்காவின் கிரீன் நதியில் பெயர் பெற்ற ஒரு பெரிய ஃபோம் எறும்புக்கு, 1986இல் அணு உலை விபத்து நடந்த செர்னோபிலின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

தேவையானவை

2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கருப்பு ஃபோம் ஷீட், 10ஆம் எண் தூண்டில் முள் (எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வைக்கவும்), 140 டெனியர் கருப்பு நூல், கருப்பு உல்லன் நூல், மெல்லிய ரப்பர் நூல், ஆரஞ்சு நிற ஃபோம் துண்டு, சூப்பர் குளூ, கூர்மையான சிறு கத்தரி, முள்ளைப் பிடித்துக்கொள்ள மேசையில் பொருத்தும் சிறு இடுக்கி.

செய்முறை

1. முள்ளின் நுனியில் உள்ள எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கையில் குத்தினாலும் எளிதாக எடுக்கலாம். சிறிய மீனைக் காயமின்றித் திரும்ப ஆற்றில் விடவும் முடியும். பிறகு முள்ளை இடுக்கியில் பொருத்துங்கள்.

2. முள்ளின் தண்டு முழுவதும், அது வளையத் தொடங்கும் இடம் வரை, நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். வழுக்கும் கம்பியின் மேல் ஃபோம் நிற்காது. இந்த நூல்தான் அதற்குப் பிடி.

3. முள்ளின் வாய் எவ்வளவு அகலமோ, அந்த அகலத்தில் ஃபோமை நாடாவாக வெட்டுங்கள். அதன் ஒரு முனையை வளைவின் மேல் வைத்துக் கட்டுங்கள். மிச்ச நாடா பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

4. உல்லன் நூலைத் தண்டில் சுற்றி வயிறு அமையுங்கள். தண்டின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கைத் தலைக்கு விட்டுவைக்க வேண்டும்.

5. நாடாவை முதுகின் மேலாக முன்னுக்கு மடித்து, வயிறு முடியும் இடத்தில் கட்டுங்கள். வண்டின் முதுகு வந்துவிட்டது.

6. கட்டிய இடத்தில் இருபுறமும் ஒவ்வொரு ரப்பர் நூலை, நடுவில் பிடித்துக் கட்டினால் நான்கு கால்கள். பூச்சிக்கு ஆறு கால்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். மீன் எண்ணிப் பார்ப்பதில்லை, அசைவைத்தான் பார்க்கிறது.

7. அதே இடத்தில், முதுகின் மேல் ஆரஞ்சுத் துண்டைக் கட்டுங்கள். இது மீனுக்கல்ல, தூரத்தில் நிற்கும் மனிதர் கண்ணுக்கு.

8. தலைப்பகுதி ஃபோமை, முள்ளின் கண் மறையாமல் வெட்டிவிட்டு, மூன்று முடிச்சுப் போட்டு, அடிவயிற்றில் ஒரு சொட்டு குளூ வையுங்கள்.

பாடம் எங்கே இருக்கிறது?

இவ்வளவும் படித்ததும், "இதுதானா?" என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முதலில் கட்டிய மூன்றிலும் ஃபோம் இரண்டாக அறுந்தது. அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, அதுபோல. பயந்து அடுத்ததைத் தளர்வாகக் கட்டினோம். அது முள்ளைச் சுற்றி உருண்டு, முதுகு கீழே போய்விட்டது.

இறுக்கத்தின் அளவுதான் இந்த வேலையின் உயிர். முதல் இரண்டு சுற்றை ஃபோமின் மேல் சும்மா படுக்க வையுங்கள். மூன்றாவது சுற்றில் மெதுவாக இழுங்கள். ஃபோம் அமுங்குவது கண்ணுக்குத் தெரியும். அதே தடத்தில் நான்காவதையும் ஐந்தாவதையும் இன்னும் சற்று இறுக்கிச் சுற்றுங்கள். மெல்லிய தையல் நூல் வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். பட்டையாகப் படியும் நூல் அழுத்தும். மெல்லிய நூல் அறுக்கும்.

தொழிலாக முடியுமா?

கென்யாவிலும் இலங்கையிலும் பெண்கள் பலர் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். அவர்கள் கட்டியவை வெளிநாட்டுக் கடைகளில் விற்கின்றன. அங்கே கணக்கு டஜன் கணக்கு. ஒன்று அழகாக அமைவது பெரிதல்ல. பன்னிரண்டும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே கால் அளவில் இருக்க வேண்டும். எனவே, பன்னிரண்டு கட்டி வரிசையாக வையுங்கள். வீட்டில் ஒருவரை அழைத்து, வித்தியாசமாக இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள். அவர் கை தயங்கும் நாள் வந்தால், உங்கள் கை பழகிவிட்டது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், முதலில் பணம் கட்டுங்கள்" என்று எந்தக் கைவேலைக்காக யார் வந்தாலும், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேலை தருபவர் கூலி கொடுப்பார். கூலிக்காரரிடம் முன்பணம் கேட்கமாட்டார். வாங்குபவர் யார், டஜனுக்கு என்ன கூலி, பிசகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வேலை இல்லை என்றே முடிவு செய்யுங்கள். வாங்குபவர் கிடைக்கும் வரை இது கைப்பழக்கம் மட்டுமே. இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

தவழும் குழந்தை உள்ள வீடுகளில் பாயில் அமர்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். முட்களை எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை யாரும் அந்த அறைக்குள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்.

கட்டி முடித்ததை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முதுகு மேலே, கால் விரிந்து மிதந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். கவிழ்ந்தால் நூலை வெட்டி ஃபோமை எடுத்துவிட்டு, அதே முள்ளில் மறுபடி கட்டலாம். அடுத்த இதழில் இன்னொரு கைவேலையுடன் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.