வயிறு தள்ளிய சுவர்

பூச்சுவேலை பற்றிய பத்து மார்க் கேள்விக்குப் பதில் எனக்குத் தலைகீழ் மனப்பாடம். போன கோடை விடுமுறையில் மாமா வீட்டுக் குளியலறையில் அது ஒன்றுக்கும் உதவவில்லை.

ஷவர் வரும் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. "கொத்திட்டுத்தான் பூசணும், பத்து நாள் ஆகும்" என்றார் மேஸ்திரி. நான்தான் பெரிய எஞ்சினீயர் மாதிரி, "டைல்ஸ் பசையிலேயே சமாளிச்சிடலாம் மாமா" என்றேன். படிக்கிற பையன் சொல்கிறானே என்று மாமாவும் நம்பிவிட்டார்.

மூன்றே வாரம்! நாணயத்தால் தட்டினால் பாதி டைல்ஸில் 'டொக் டொக்' என்று வெற்று ஓசை. பசை என்பது சில மில்லிமீட்டர் மெல்லிசாகப் போட வேண்டிய சரக்கு. தடிமனாக அப்பினால் காயும்போது சுருங்கும், பின்னால் பொள்ளல் விழும். இணைப்பு வழியே இறங்கும் தண்ணீர் அங்கேயே தங்கும். அத்தனையும் உரித்தோம். செலவு மாமாவுடையது.

"வா தம்பி, குண்டைப் பிடி" என்றார் மேஸ்திரி. தூக்குநூலை மேலே சுவரிலிருந்து 30 மி.மீ. தள்ளிக் கட்டினோம். நடுவில் அளந்தால் 16, கீழே 28. ஆக, வயிறு சுமார் 13 மி.மீ. அதன் மட்டத்துக்கு முழுச் சுவரையும் ஏற்றலாம்தான்; ஆனால் சுவருக்குள் பதித்த குழாய் வால்வு ஆழத்தில் போய்விடும். எனவே வயிற்றுப் பகுதியைச் செங்கல் தெரியக் கொத்தினோம்.

தூசி தட்டி, நனைத்து, சிமெண்ட் பால் அடித்தோம். உடைந்த டைல்ஸ் துண்டுகளைக் கலவையில் ஒட்டி, தூக்கு பார்த்து, அவற்றையே மட்டத்துக்கு அடையாளமாக்கினோம். 1:4 கலவை. ஒரே தடவையில் 15 மி.மீ.க்கு மேல் போடவில்லை. பள்ளமான இடத்தில் முதல் பூச்சைக் கீறிவிட்டு மறுநாள்தான் இரண்டாவது. மட்டப்பலகையால் இழுத்த பிறகு வழவழப்பாகத் தேய்க்காமல் சொரசொரப்பாகவே விட்டோம். பசைக்குப் பிடிமானம் வேண்டுமே! 2 மீட்டர் பலகையை எப்படி வைத்தாலும் இடைவெளி 3 மி.மீ.க்குள் வந்தது. மூலைக்கு 60-80-100 செ.மீ. கணக்கு (பித்தகோரஸ் அங்கேயும் விடவில்லை). ஏழு நாள் தண்ணீர் காட்டி, நீர்க்காப்புப் பூச்சு அடித்து, பிறகே டைல்ஸ்.

முதல் தடவை ஆன செலவைப் பற்றி மாமா இதுவரை வாய் திறக்கவில்லை. மேஸ்திரிதான் பார்க்கும்போதெல்லாம், "என்ன எஞ்சினீயர் சார், பசை இருக்கா?" என்கிறார்.