பாட்டனாரின் உறுதி

அன்புள்ள சகோதரிக்கு,

பதுளைக் கடைக்கு உங்கள் பாட்டனார் எழுதிவைத்த உறுதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாம் உயிரோடு இருக்கும்வரை வருமானம் தமக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் விற்கக் கூடாது, பேரப்பிள்ளைகளுக்கே போய்ச் சேர வேண்டும். இது ஷரீஆவில் எங்கே இருக்கிறது என்பது உங்கள் கேள்வி.

அங்கே தேடாதீர்கள். குடும்ப வக்ஃபு கொஞ்சம் கிட்ட வரும். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உறுதி அந்த வழியில் போகவில்லை. இது உரோமர்களின் ஏற்பாடு. பெயர் ஃபிடேகொமிசம். ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்தது.

ஒல்லாந்தர் முஸ்லிம்களின் சட்டத்தை ஒழிக்கவில்லை. 1770இல், ஆளுநர் ஃபால்க் காலத்தில், பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) அதன் தொகுப்பு ஒன்றைத் தருவித்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் முஸ்லிம் சட்டத் தொகுப்பை வெளியிட்டார்கள். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதைக் கண்டிப் பிரதேசங்களுக்கும் நீட்டியது. உங்கள் பதுளை இருக்கும் ஊவாவும் அதில் அடக்கம். ஆனால் தொகுப்பில் இருந்தவை திருமணமும் வாரிசுரிமையும்தான். கடன், காணி, ஒப்பந்தம் எல்லாம் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்துக்கே போயின. எகிப்திலும் கதை ஏறக்குறைய இதுதான்: பிரெஞ்சுச் சட்டத்தைத் தழுவிய குடியியல் கோவையைச் சட்ட அறிஞர் ஸன்ஹூரி எழுதி, அது 1949இல் நடைமுறைக்கு வந்தபோதும், குடும்ப விவகாரம் ஷரீஆவிடமே இருந்தது. (ஒல்லாந்து தேசமே 1809இல் பிரெஞ்சுக் கோவைக்கு மாறிவிட்டது. கைவிட்ட சட்டத்தை நாம் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.)

முஸ்லிம்கள் ஃபிடேகொமிசத்தை எடுத்துக்கொண்டது யாரும் வற்புறுத்தி நடந்ததாக நான் நினைக்கவில்லை. நொத்தாரிசின் மேசையில், வியாபாரிகளின் விருப்பத்தோடு நடந்தது. ஒரு கடையை ஷரீஆவின்படி மனைவிக்கு எட்டிலொன்று, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்று துண்டாக்கினால் பிறகு யார் அதை நடத்துவது? கடை சிதறக் கூடாது என்று கவலைப்பட்டவருக்கு உரோமரின் வழி வசதியாக இருந்தது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இதற்கு இடமும் கொடுத்தது: சாதாரண நன்கொடைக்கு முஸ்லிம் சட்டம், ஃபிடேகொமிசம் கலந்தால் பொதுச் சட்டம்.

உங்கள் கடையில் சாமான் வாங்கும் பசறைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு வேறு கணக்கு. தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழருக்கு மட்டும். கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு. மலையகத் தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டம். மரண சாதனம் எழுதாமல் கணவர் இறந்தால் மனைவிக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பாராமல் சமமாக. லயத்து வீட்டுக்கு உறுதியே இல்லாதவர்களுக்கு எழுதப்பட்ட இந்தத் தாராளத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

இனி உங்கள் காரியம். 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஃபிடேகொமிசத்தை ஒழித்துவிட்டது. ஆகவே உறுதியின் திகதியைப் பாருங்கள். அந்தச் சட்டம் வந்தபோது கடை யார் பெயரில் இருந்தது என்பதையும் விசாரியுங்கள். இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். காதி நீதிமன்றத்தில் இதற்கு வேலையில்லை.

அன்புடன்,
ஆசிரியர்